புதன்கிழமை மூச்சு

கோப்பைக்குள் கிடந்த கற்கண்டின்மேல் சுடுதேநீர் பட்டு அது 'படக்'கென்று வெடித்த அதே நொடியில் தொலைபேசியும் அடித்தது. ஃபென்னா தேநீர்க் கெண்டியை அந்தரத்தில் அப்படியே நிறுத்தினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓக்கோ. எழுபத்தாறு வயது, எந்த வாசலுக்கும் குனிந்துதான் வரவேண்டிய உயரம், எம்டன் துறைமுகத்தின் மதகில் பாதி வாழ்நாள் நின்று, மலைபோல வரும் கப்பல்களை ஒற்றைக் கையை உயர்த்தியே நிறுத்திப் பழகியவர். அப்பேர்ப்பட்ட மனிதர், வாயில் போட்ட வெண்ணெய்க் கேக்கை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, கடைப்பொம்மை மாதிரி ஆகிவிட்டார்.

"அம்மா, ஆயிரத்து நூத்தம்பது," என்றது தொலைபேசி. மகன் யெல்டோ. ஓல்டன்பூர்க்கில் அலுவலகத்தில் இருக்கிறான். வணக்கத்துக்கு ஒரு 'மொய்ன்' கூடச் சொல்லவில்லை. "என்ன பண்ணிட்டிருக்கே?"

"என்ன பண்ணப் போறேன்? சும்மாத்தான் உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்காந்திருக்கிற ஒரு ஆளுக்கு எழுநூறுக்கு மேல போகாதும்மா. போன புதனும் இப்படித்தான் ஏறுச்சு. மூச்சு வாங்குதா? நெஞ்சு கனமா இருக்கா? மறைக்காம சொல்லு."

ஃபென்னா அலமாரிமேல் இருந்த வெள்ளை டப்பாவைப் பார்த்தாள். அதன் நெற்றியில் மஞ்சள் விளக்கு. "பாடிக்கிட்டு இருந்தேன்டா," என்றாள்.

"நீயா? பாட்டா?"

"ஏன், நான் பாடக் கூடாதுன்னு சட்டமா? சர்ச் பாட்டு. முழுசா, எல்லாச் சரணமும்."

மறுமுனையில் மகன் கணக்குப் போடுகிறான் என்று தாய்க்குத் தெரிந்தது. "சர்ச் பாட்டுக்கு இவ்வளவு வராதே," என்றான் கடைசியில், கவலையாக. "சரி, அந்திக்கு வந்து பாக்கறேன்."

ஓக்கோ அப்போதுதான் மூச்சை விட்டார். ஒரு கப்பலின் சங்கு ஊதியதைப் போல இருந்தது அது. டப்பாவில் எண் உடனே இருபது ஏறியது.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. அறைக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, சமையலறைக்கு இரண்டு. காற்றில் மூச்சு விட்ட கரியமில வாயு எவ்வளவு (யெல்டோ சொன்ன எண் அதுதான்), எவ்வளவு ஈரம், எவ்வளவு தூசி என்று ஓயாமல் முகர்ந்துகொண்டே இருக்கும். பச்சை என்றால் நல்ல காற்று, மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டிய காற்று, சிவப்பு என்றால் யெல்டோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவரும் காற்று. அந்த வீட்டில் ஒருவர் கொட்டாவி விட்டால் மூன்று ஊர் தாண்டி அவன் சட்டைப்பையில் மணியடிக்கும். முட்டை பொரித்தால் அடிக்கும். ஃபென்னா தலைமுடிக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டால் அடிக்கும். ஒருநாள் அவள் கோபத்தில் பெருமூச்சு விட்டாள். அதற்கும் அடித்தது என்று அவள் சத்தியம் செய்வாள்.

வீடும் லேசுப்பட்டதில்லை. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. வெளியே வடகடல் புயல் வந்து பக்கத்து வீட்டுக்காரனின் கோழிக்கூண்டையே தூக்கிக்கொண்டு பறந்தது; உள்ளே உட்கார்ந்திருந்த ஃபென்னாவுக்கு அது ஊமைப்படம். கூண்டு பறந்தது, கோழி பறந்தது, கோழிக்காரன் வாய் திறந்து மூடியது, ஒரு சத்தமும் இல்லை. காற்று நிலவறையில் இருந்த ஓர் எந்திரத்தின் வழியாக மட்டுமே வரும், போகும். இரவும் பகலும் கூரையில் இருந்த சிறு துளையிலிருந்து 'ஸ்ஸ்' என்று, யாரோ பக்கத்தில் நின்று ரகசியம் சொல்லத் தொடங்கிச் சொல்லாமலே நிற்பதுபோல ஒரு சத்தம். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "தாராளமா திறம்மா," என்றுதான் யெல்டோ சொன்னான். "திறந்தா எனக்குத் தெரியும். எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்." காரணம் சொல்லி ஜன்னல் திறக்கிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஃபென்னா தன் பழைய வீட்டில் விடிந்ததும் எல்லா ஜன்னல்களையும் மல்லாக்கத் திறந்து, மெத்தை தலையணைகளை விளிம்பில் தொங்கப் போட்டு, உள்ளே புகுந்த பனிக்காற்றில் கணவன் ஹின்ரிக் போர்வைக்குள்ளிருந்து கத்துவதைச் சங்கீதமாகக் கேட்டவள். அங்கே காரணம் கேட்க ஆளில்லை. காற்று வேண்டும், திறந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பழைய வீட்டில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்திருந்தது. கடல்மட்டத்துக்குக் கீழே நிற்கும் வீடு. ஈரம் சுவர் வழியாக ஏறியது. எத்தனை திறந்துவைத்தும் கறுப்பாய் ஒரு தேசப்படம்போலப் படர்ந்தது. ஹின்ரிக்குக்கு நுரையீரல் போயிற்று. பூஞ்சணத்தாலா, ஐம்பது வருஷம் பிடித்த சுருட்டாலா என்று மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. யெல்டோ ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். மேலே தான் குடியிருக்க, பெற்றோர் இருவருக்கும் கீழ்த்தளத்தில் தனி வாசலோடு ஓர் இருப்பிடம் வைத்து, உலகத்திலேயே சுத்தமான காற்று உள்ள வீட்டைக் கட்டத் தொடங்கினான். பூச்சு உலர்வதற்குள் அப்பா போய்விட்டார். குடிவந்த அன்று ஃபென்னா பார்த்தாள்: சுவரில் இருந்த எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில், கீழ்த்தளத்தில் வசிப்போர் 'இரண்டு' என்று போட்டிருந்ததை மகன் ஒரு பொத்தானை அழுத்தி 'ஒன்று' ஆக்கினான். ஒரே ஓர் அழுத்தல்தான். பிறகு பலகையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதுப் பிள்ளை, வெகுநேரம் அங்கேயே நின்றான். அவள் சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்விட்டாள்.

இதனால்தான் ஓக்கோவைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. அதிலும் அவரைச் சந்தித்த இடம் கல்லறைத் தோட்டம். அங்கே குழாயடியில் பூவாளிகள் வரிசையாகச் சங்கிலியில் பூட்டித் தொங்கும்; செத்தவர்களின் வீட்டார் ஒருவரை ஒருவர் அவ்வளவு நம்புவார்கள். ஓக்கோ தன் பூட்டின் எண்ணை மறந்துவிட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஃபென்னா தன் வாளியைக் கொடுத்தாள். அவர் மனைவியின் கல்லறைக்கும் ஹின்ரிக்கின் கல்லறைக்கும் நடுவே இரண்டே வரிசை. ஈஸ்டருக்குத் தொடங்கிய 'நீங்க', 'நீ' என்று ஆவதற்குக் கோடைகாலம் முழுக்கப் பிடித்தது. அதற்குப் பிறகு புதன்தோறும் மதியம், யெல்டோ அலுவலகத்திலும் மருமகள் மைகே பள்ளிக்கூடத்திலும் இருக்கும் நேரத்தில், ஓக்கோ தோட்டத்துப் பக்கக் கதவு வழியாக வருவார். வெளியே மிதியடியில் காலணிகளைக் கழற்றிவிட்டு, "மொய்ன்" என்பார். தேநீர் குடிப்பார்கள். சீட்டாடுவார்கள். சில நேரம் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குற்றங்களுக்கெல்லாம் ஒரே சாட்சி, மூச்சு.

எண்ணைக் குறைக்க அவர்கள் படாத பாடு பட்டார்கள். அறை முழுக்கச் செடி வாங்கி வைத்தாள் ஃபென்னா. காடாகிப் போனது, ஓக்கோ உட்காரவே இலையை விலக்க வேண்டியிருந்தது, எண் அசையவில்லை. ஆளுக்கு ஒரு மூச்சாக மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார்கள். சிரிப்பு வந்து இரண்டு மடங்கு விட்டார்கள். கடைசியில் ஃபென்னா டப்பாவையே தூக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். அறையில் வெப்பம் ஐந்து டிகிரி என்று யெல்டோவுக்குத் தகவல் போனது. அவன் ஓல்டன்பூர்க்கிலிருந்து பறந்துவந்த வேகத்தில் நெடுஞ்சாலைக் கேமராக்கள் எல்லாம் பளிச்சிட்டிருக்கும். அவன் வருவதற்குள் ஓக்கோ போய்விட்டார். ஆனால் டப்பா இன்னும் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

"இத ஏம்மா ஃப்ரிட்ஜுல வெச்சே?" என்று கேட்டான் யெல்டோ, சிறுபிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாக.

"தவறி வெச்சுட்டேன் போல."

அதைச் சொன்னதுதான் தாமதம், மறு வாரமே ஞாபகமறதிச் சோதனைக்கு அழைத்துப் போனான். மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஃபென்னா கடிகாரத்தோடு கடிகாரக் கோபுரத்தையும், கோபுரத்தின்மேல் காகத்தையும் வரைந்து கொடுத்தாள். அப்படியும் மகனின் முகம் தெளியவில்லை. இப்போது அவளுக்கு இரண்டே வழி. ஓக்கோவைச் சொல்ல வேண்டும், அல்லது புத்தி பேதலித்த கிழவியாக இருக்க வேண்டும். இரண்டில் எது மகனைக் குறைவாக நோகடிக்கும் என்று அவள் நிஜமாகவே யோசித்தாள். அதுதான் பயங்கரம்.

சர்ச் பாட்டுப் பொய் சொன்ன அந்தப் புதனன்று, தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டாவது கோப்பை ஊற்றப் போனாள். ஓக்கோ தன் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்துவிட்டார். அந்த ஊரில் விருந்தாளி மூன்று கோப்பை குடிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வீட்டுக்கே அவமானம். கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தால் போதும் என்று பொருள். ஒரு கோப்பையோடு யாரும் வைத்து அவள் பார்த்ததில்லை.

"என்ன ஓக்கோ?"

"மதகுல என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றார் அவர். "கப்பல் உள்ள வந்தா பின்கதவ மூடுவோம். தண்ணி சமமானதும் முன்கதவத் திறப்போம். கப்பல உள்ளேயே நிறுத்தி வெச்சுக்கறதுக்கு எவனும் மதகு கட்டல."

"சொல்றேன்னுதானே சொன்னேன்."

"செப்டம்பர்லேர்ந்து சொல்றே. கோவமில்ல ஃபென்னா. மூச்ச அடக்கி அடக்கி உக்கார இந்த வயசுல தெம்பில்ல எனக்கு. அடுத்த புதன் வரேன். அதுக்குள்ள பையன்கிட்ட சொல்லிடு. சொல்லலேன்னா அதுக்கப்புறம் வரல."

அவர் அப்படிச் சொன்னால் வரமாட்டார். கப்பல்காரர்கள் எத்தனை கெஞ்சினாலும் நேரத்துக்கு முன்னால் கதவைத் திறக்காத மனிதர்.

அந்த வாரம் ஃபென்னா முயன்றாள். ஞாயிற்றுக்கிழமை மகனோடு கல்லறைக்குப் போனபோது வாயைத் திறந்தே விட்டாள். யெல்டோ மண்டியிட்டு, பழைய பல்துலக்கியால் அப்பாவின் பெயரில் படிந்த பாசியை எழுத்து எழுத்தாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். "என்னம்மா?" என்று நிமிர்ந்தான். "அந்த 'ஹி'யில இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு," என்றாள். இரண்டு வரிசை தள்ளி ஓக்கோவின் மனைவி, எல்லாம் தெரிந்தவள்போல, சாமந்திப் பூக்களுக்கு அடியில் கிடந்தாள்.

புதன் வந்தது. மழையும் வந்தது. மூன்று மணிக்கு ஓக்கோ வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "சொல்லிட்டியா?" என்றார். ஃபென்னா பதில் சொல்வதற்குப் பதிலாகக் கோப்பையை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, உட்காராமல், நின்றபடியே அவளைப் பார்த்தார். அப்போதுதான் மேலேயிருந்து, வீட்டு உள்வழிப் படிக்கட்டில், வரவே கூடாத ஒரு குரல் வந்தது.

"அம்மா! உனக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்!"

ஃபென்னாவின் கை குளியலறையைக் காட்டியது. ஓக்கோவின் முகத்தில் ஒரு கசப்பு ஓடி மறைந்தது. பிறகு, அவளுக்காகத்தான், கோட்டும் கோப்பையுமாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் இல்லாத குளியலறை. ஃபென்னா மேசைக்குத் தாவி, மகன் உள்ளே வரும்போது இரண்டு தட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கேக் தின்றுகொண்டிருந்தாள்.

யெல்டோவுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு மனிதர், ஆல்பெர்ட்ஸ் என்று பெயர், ஒரு மடக்குச் சட்டத்தையும் சிவப்புத் துணியையும் வண்டிச் சக்கரம் அளவுள்ள ஒரு விசிறியையும் சுமந்துகொண்டு வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேம்மா," என்றான் யெல்டோ. பல வாரங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம். "டப்பால கோளாறில்ல, எந்திரத்துல கோளாறில்ல, உனக்கும் ஒண்ணுமில்ல. வீட்லதான் ஓட்டை! எங்கேயோ ஒரு இடுக்கு வழியா கெட்ட காத்து உன் ரூமுக்கு வருது. இவர் அடுத்த மாசம்தான் வரேன்னார். இன்னிக்கு ஒரு வேலை தள்ளிப்போச்சாம், கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

"விசிறிய ஒரு கதவுல பொருத்தி, வீட்டுக் காத்த வெளிய உறிஞ்சுவோம்," என்று ஆல்பெர்ட்ஸ் விளக்கினார், பல்லைப் பிடுங்கப் போகிறவர் சிரிப்பதுபோலச் சிரித்து. "எங்கெல்லாம் ஓட்டை இருக்கோ, அங்கெல்லாம் வெளிக்காத்து பீச்சியடிச்சிட்டு உள்ள வரும். மறைக்கவே முடியாது பாட்டிம்மா. இந்தத் தோட்டக் கதவுதான் சட்டத்துக்குத் தோதா இருக்கு."

ஓக்கோ தப்பிக்க இருந்த ஒரே வழியும் அதோடு போயிற்று. யெல்டோ தோட்டக் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். மிதியடியில், மழையில் நனைந்து, ஒரு ஜோடி பெரிய கறுப்புக் காலணிகள்.

அவன் குனிந்து எடுத்தான். திரும்பினான். குரல் இறங்கிவிட்டது. "அம்மா... அப்பாவோடதா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். தோட்டக்காரருடையது, குழாய்க்காரருடையது, வானத்திலிருந்து விழுந்தது. ஆனால் மகன் பதிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டான். அவள் தலை தானாக ஆடியது.

"வெளிய ஏன் வெச்சே?"

"காத்தாட வெச்சேன்."

"மழை பெய்யுதும்மா," என்றான் அவன். ஒரு கோபமும் இல்லை. தன் சட்டைக் கையால் ஒரு காலணியின் மூக்கைத் துடைத்தான். பிறகு மற்றதை. தையல் மடிப்பில் இருந்த மண்ணை நகத்தால் எடுத்தான். "நீ இன்னும் வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாது. நான் எல்லாத்தையும் குடுத்துட்டோம்னுல்ல நினைச்சேன்." காலணியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். "அப்பா கால் இவ்வளவு பெருசுன்னு எனக்கு ஞாபகமே இல்லம்மா."

ஹின்ரிக் குட்டைக்கால்காரன். பிள்ளைகள் கடையில்தான் அவனுக்கு அளவு கிடைக்கும் என்று ஃபென்னா கேலி பண்ணுவாள். அவள் கண்ணெதிரே, தான் பெற்ற பிள்ளையின் ஞாபகத்தில், செத்துப்போன தகப்பனின் பாதம் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆல்பெர்ட்ஸுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் சட்டத்தைப் பொருத்தி, துணியை இழுத்துக் கட்டி, விசிறியை மாட்டி, விசையைத் தட்டினார். வீடு உறுமியது. காது அடைத்தது. மேசைவிரிப்பின் ஓரம் எழுந்து நின்றது. செடிக்காடு மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்தது. கூரைத் துளையின் 'ஸ்ஸ்' முதல்முறையாக வாயை மூடிக்கொண்டது. ஏதோ ஒரு ராட்சசன் வீட்டை உதட்டில் வைத்து உறிஞ்சிக் குடிப்பதைப் போலிருந்தது.

"இனி யாரும் எந்த வெளிக்கதவையும் ஜன்னலையும் தொடக்கூடாது!" என்று ஆல்பெர்ட்ஸ் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "உள்கதவெல்லாம் திறந்து கிடக்கணும்! அதோ, அது என்ன, குளியலறையா? திறங்க!"

"அது திறக்காது," என்றாள் ஃபென்னா. எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை, குளியலறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள்.

"ஏம்மா?"

"பூட்டு மாட்டிக்கிச்சு."

"எப்போலேர்ந்து?" யெல்டோவின் கண்கள் விரிந்தன. "அம்மா, அப்போ கெட்ட காத்து அங்கேர்ந்துதான் வருதோ என்னமோ! இரு, ஸ்குருடிரைவர் எடுத்துட்டு வரேன்." அப்பாவின் காலணிகளைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

கதவின் அடி இடுக்கு வழியாகக் காற்று சீட்டியடித்துக்கொண்டு வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த மனிதர் அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் இவள். படிக்கட்டின் முதல் படியில் மகன், ஓர் அந்நியனின் நனைந்த தோலைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு. இந்த வீட்டில் ஒழுங்காக மூச்சு விடுவது அந்த விசிறி ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"யெல்டோ," என்று கத்தினாள். "ஸ்குருடிரைவர் வேண்டாம்." பிறகு திரும்பி, விரல் கணுவால் கதவைத் தட்டினாள். "ஓக்கோ. வெளிய வா."

கதவு திறந்தது. மேல்கோட்டோடு, கையில் காலிக் கோப்பையோடு, சாம்பல்நிறக் காலுறைகளில், நிலைக்குக் குனிந்து ஓக்கோ வெளியே வந்தார்.

"மொய்ன்," என்றார்.



"இவர் ஓக்கோ," என்றாள் ஃபென்னா. "ஓட்டை எல்லாம் ஒண்ணுமில்ல. புதன்கிழமையில மூச்சு விடுறவர் இவர்தான்."

யெல்டோ ஓக்கோவின் முகத்தைப் பார்த்தான். பிறகு காலுறைகளைப் பார்த்தான். பிறகு தன் மார்போடு இருந்ததை, ஏதோ அது அவனைக் கடித்துவிட்டதுபோலப் பார்த்தான். "அப்போ இது..."

"என்னுது," என்றார் ஓக்கோ. "நாப்பத்தெட்டாம் நம்பர். தொடைச்சதுக்கு நன்றி தம்பி."

யெல்டோ மேலே ஏறி வெளியே போய்விடப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தான். ஆல்பெர்ட்ஸ் பதறிவிட்டார். "மேல்வாசலத் திறந்துறாதீங்க சார்! அழுத்தம் இப்பத்தான் சமமா நிக்குது! குறைஞ்சது பத்து நிமிஷம் யாரும் வெளிய போகக் கூடாது, இல்லேன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!"

வேறொருவனாக இருந்தால் போடா என்று கதவை உடைத்துக்கொண்டு போயிருப்பான். யெல்டோவுக்கு ஓர் அளவெடுப்பைக் கெடுக்க வராது. கையை எடுத்துவிட்டான். காலணிகளை ஓக்கோவின் முன்னால் தரையில், குதிகால் இரண்டும் ஒட்டி நேராக இருக்கும்படி, வைத்தான். பிறகு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தான். அலமாரியில் டப்பா விழித்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் முயன்றது எல்லோருக்கும் தெரிந்தது.

"எப்போலேர்ந்து?"

"ஈஸ்டர்லேர்ந்து," என்றாள் ஃபென்னா.

"எங்க பாத்தீங்க?"

அவள் ஓக்கோவைப் பார்த்தாள். அவர் உதவிக்கு வரவில்லை. "கல்லறையில. தண்ணி ஊத்தப் போனப்ப."

யெல்டோ தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஏதோ சொன்னான். விசிறி அதை உறிஞ்சிக்கொண்டு போயிற்று. "என்னடா?" என்று அவள் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தாள்.

"உனக்கு வியாதின்னு நினைச்சேன்," என்றான் அவன், இப்போது கத்தி. கத்தியதில் குரல் உடைந்தது. "அப்பாவுக்கும் முதல்ல இப்படித்தானே. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். யாரும் அளந்து பாக்கல. மீட்டிங்ல உக்காந்து அந்த நம்பரையே பாத்துட்டிருப்பேன். புதன் வந்தாலே எனக்கு வேலையே ஓடாதும்மா. நீ பாடறேங்கறே."

தன்னைக் காவல் காக்கிறான் என்று ஃபென்னா நினைத்திருந்தாள். அவனும் அந்த எண்ணுக்குள்தான் அடைபட்டுக் கிடந்திருக்கிறான் என்று தோன்றவே இல்லை. அவன் தலைமேல் கையை வைக்கப் போனாள், அவன் லேசாக விலகிக்கொண்டான். ரொம்பவும் இல்லை, ஒரு விரற்கடை.

ஓக்கோ சத்தமில்லாமல் காலணிகளில் கால்களை நுழைத்தார். கயிற்றைக் கட்டவில்லை. போவதற்கா, நிற்பதற்கா என்று அவருக்கே தெரியாததுபோல இருந்தது. மழை மூன்று கண்ணாடிகளுக்கு அப்பால் ஊமையாக வழிந்தது.

"அட!" என்றார் ஆல்பெர்ட்ஸ். அவர் ஒரு புகைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டிருந்தார். உலகமே இடிந்து விழுந்தாலும் அவர் வேலை அவருக்கு. சோபாவுக்குப் பின்னால், மின்செருகிக்குப் பக்கத்தில், நேராக எழுந்த புகை திடீரென்று ஒடிந்து அறைக்குள் பறந்தது. "ஓட்டை நிஜமாவே இருக்கு சார்! இங்க வந்து கை வெச்சுப் பாருங்க!"

யெல்டோ எழுந்தான். பழக்கதோஷம். பையிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டே போய் மண்டியிட்டான். உள்ளங்கையை வைத்தான். அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

ஃபென்னா சோபாவைப் பிடித்து, முழங்கால் முறுமுறுக்க, அவனுக்குப் பக்கத்தில் தரையில் இறங்கினாள். அவன் கையை எடுத்துக்கொண்டு இடம் விட்டான். அவள் முகத்தைச் சுவரோடு கொண்டுபோனாள். ஊசிபோல, பனிபோலச் சில்லென்று ஒரு காற்று, யாரும் வடிகட்டாத, யாரும் சூடாக்காத காற்று, அவள் கன்னத்தில் பீச்சியடித்தது. நனைந்த புல், மாட்டுச்சாணம், சேற்றுக்கடலின் உப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் விழுந்த நரைமுடி ஒன்று எழுந்து துடித்தது.

"இது எங்கேர்ந்து வருது?" என்று பின்னால் ஓக்கோ குனிந்து கேட்டார்.

"தெரியல," என்றான் யெல்டோ. அவரைப் பார்க்காமல்தான் சொன்னான், ஆனாலும் அவருக்குத்தான் சொன்னான். "எங்க விட்டேன்னு தெரியல."

அவன் நாடாவின் நுனியைப் பிரித்து ஒரு சாண் இழுத்தான். அறுக்கவில்லை.

"ஒட்டட்டுமாம்மா?"

அவன் விரல்களுக்கு நடுவே அந்த ஒரு சாண் நாடா, சுவரிலிருந்து வந்த காற்றில், படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.